தினமும் ஒரு ஹோம் ரன் பெட்: இவ்வளவு பார்த்தும் கணக்கு ஏன் இறங்குகிறது?

எடிசன்வாசி எழுதியது:

வணக்கம். நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். பேஸ்பால் பார்க்க ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது, அதற்கு முன் கிரிக்கெட் மட்டும்தான். ஆபீசில் நாங்கள் நான்கு பேர் மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். இன்று ராத்திரி யார் ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது, நம் சிக்ஸர் மாதிரி) அடிப்பார் என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு மறுநாள் மற்றவர்கள் காபி வாங்கித் தருவார்கள். இந்த மே மாதத்திலிருந்து நான் மட்டும் அதே பெயரில் ஆப்பில் 5 டாலர் வைக்கத் தொடங்கினேன்.

சும்மா குருட்டாம்போக்கில் வைப்பதில்லை. ஐந்தரைக்கு வேலை முடிந்ததும் என் பெண்ணின் பழைய கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிடுவேன். யார் பிட்சர் (பந்து போடுபவர்), அவரிடம் இந்த பேட்டர் இதுவரை எத்தனை அடித்திருக்கிறார், கடந்த ஏழு நாளில் எப்படி ஆடினார், கடைசி ஹோம் ரன் அடித்து எத்தனை நாள் ஆனது, எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதுவேன். ஏழு மணி ஆட்டம் தொடங்குவதற்குள் ஒரு பெயரை வட்டம் போட்டுவிடுவேன்.

இதுவரை 118 பெட். 21 தடவை பலித்தது. கட்டிய பணம் 590 டாலர், திரும்பி வந்தது 447. சராசரியாக +330 விலையில் (100 டாலர் வைத்துப் பலித்தால் 330 லாபம்) வைத்திருக்கிறேன். 143 டாலர் போனதில் வீடு கவிழ்ந்துவிடாது. ஆனால் இவ்வளவு மெனக்கெட்டும் ஏன் இப்படி என்றுதான் மனசு கேட்கிறது.

இரண்டு கேள்வி. ஒன்று, தினமும் பார்க்க வேண்டியவை உண்மையில் எவை? இரண்டு, ஒரு பெரிய பேட்டர் எட்டு ஒன்பது நாளாக அடிக்கவில்லை என்றால் இன்று அடிக்க வாய்ப்பு கூடுதல் என்று நினைத்துத்தான் நான் பாதி பெயர்களை எடுத்தேன். அது சரியா?


டென்வர்க்காரன் எழுதியது:

நண்பரே, உங்கள் நோட்டில் மைதானம் என்று ஒரு வரிகூட இல்லையே. எங்கள் ஊரிலிருந்து சொல்கிறேன். கூர்ஸ் ஃபீல்டில் மேல் தளத்தில் ஒரு வரிசை நாற்காலிகளுக்கு மட்டும் ஊதா நிறம் அடித்திருப்பார்கள். கடல் மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல் உயரம் அந்த வரிசை. காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதல் தூரம் போகும். அதோடு இங்கே வறட்சி அதிகம், பந்து காய்ந்து இன்னும் துள்ளும். அதனால்தான் 2002-இல் ஈரப்பதம் காக்கும் அறை ஒன்றைக் கட்டி பந்துகளை அதில் வைக்க ஆரம்பித்தார்கள். 2022-லிருந்து 30 மைதானங்களிலும் அப்படித்தான் வைக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. கூர்ஸ் என்றாலே ஹோம் ரன் என்று எல்லோரும் பாய்வார்கள், விலையிலும் அது ஏறியிருக்கும். இந்த மைதானத்தைக் கட்டும்போதே உயரத்தை யோசித்து அவுட்ஃபீல்டை ரொம்பப் பெரிதாக வைத்துவிட்டார்கள். இங்கே கொட்டுவது ஓடி எடுக்கும் சிங்கிள், டபுள், டிரிபிள். ஹோம் ரனுக்கு மட்டும் என்றால் சமீப வருடங்களில் சின்சினாட்டியும் லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் ஸ்டேடியமும் எங்களுக்கு மேலே.

உங்கள் பக்கத்து யாங்கீ ஸ்டேடியத்தில் வலப்பக்க எல்லைக் கம்பம் வரை தூரம் 314 அடிதான். இடக்கை பேட்டர் இழுத்து அடித்தால் மற்ற ஊரில் கேட்ச் ஆகும் பந்து அங்கே மூன்றாவது வரிசையில் விழும். சான் ஃபிரான்சிஸ்கோவில் அதே இடக்கை பேட்டருக்கு வலப்பக்கச் சுவர் 24 அடி உயரம், அதற்கு அப்பால் தண்ணீர். கம்பத்தருகே தூரம் குறைவுதான், ஆனால் அதிலிருந்து நடுப்பக்கம் போகப் போக மைதானம் விரிந்துகொண்டே போகும், கடல் காற்றும் குளிர். பாரி பாண்ட்ஸ் 2001 சீசனில் 73 ஹோம் ரன் அடித்தபோது அதுதான் அவருடைய சொந்த மைதானம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

சிகாகோ ரிக்லி ஃபீல்டு என்றால் காற்று தெரியாமல் எதுவும் எழுதாதீர்கள். ஏரியிலிருந்து உள்ளே அடித்தால் ஒரு ஆட்டம், வெளியே அடித்தால் முற்றிலும் வேறு ஆட்டம். இன்னொன்று, புழுக்கமான நாளில் காற்று கனமாக இருக்கும், பந்து போகாது என்று பலர் சொல்வார்கள். நேர்மாறு. ஈரக்காற்று வறண்ட காற்றைவிட லேசு. வெயிலும் கூடினால் இன்னும் நல்லது.


ஸ்கோர்கார்டு எழுதியது:

தம்பி, நான் பிலடெல்பியா பக்கம். உங்களைப் போலவே நோட்டுப் போட்டு மூன்று சீசன் முழுக்க உட்கார்ந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணக்கையே பார்ப்போம். 118-இல் 21 என்றால் 17.8 சதவீதம். இது மோசமே இல்லை. எதனால் சொல்கிறேன் என்றால், மேஜர் லீக் (அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால்) வரலாற்றிலேயே ஒரு சீசனில் அதிக ஹோம் ரன் விழுந்தது 2019-இல், மொத்தம் 6,776. அந்த வருடத்தில்கூட ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அணியும் சேர்த்து சராசரி மூன்று வரவில்லை. களத்தில் பேட் பிடிக்கிறவர்கள் 18 பேர். அப்படியானால் கண்ணை மூடி ஒருவரைத் தொட்டால் ஆறில் ஒன்றுகூடத் தேறாது. யாங்கீஸ் பேட்டர் ஏரன் ஜட்ஜ் 2022-இல் 62 அடித்து அமெரிக்கன் லீக் (மேஜர் லீக்கின் இரு பிரிவில் ஒன்று) சாதனை படைத்தார். ஆடியது 157 ஆட்டம். 62-ம் தனித்தனி நாளில் விழுந்ததாக வைத்தாலே 39 சதவீத நாள்தான் வரும். ஒரே நாளில் இரண்டு அடித்த ஆட்டங்களைக் கழித்தால் இன்னும் குறையும். அந்த மாதிரி ஒரு சீசனிலும் பத்து நாளில் ஆறு நாளுக்கு மேல் அவர் சும்மா வீட்டுக்குப் போயிருக்கிறார்.

அப்புறம் ஏன் நஷ்டம்? +330 விலையில் கையைக் கடிக்காமல் இருக்கவே நீங்கள் 23.3 சதவீதம் அடிக்க வேண்டும். 100-ஐ 430-ஆல் வகுத்துப் பாருங்கள். 118 பெட்டில் 27 அல்லது 28 பலித்திருக்க வேண்டும். ஆள் தேர்வு பரவாயில்லை, கிடைத்த விலைதான் போதவில்லை. கத்தரிக்காய் நல்ல கத்தரிக்காய்தான், கிலோ என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதுதான் கேள்வி. உங்கள் நோட்டில் இல்லாத பத்தி அது ஒன்றுதான்.

அந்த 21-ஐயும் ரொம்ப நம்பாதீர்கள். இதே திறமையோடு இன்னொரு 118 பெட் வைத்தால் 13-ம் வரலாம், 29-ம் வரலாம். 29 வந்திருந்தால் லாபத்தில் இருந்திருப்பீர்கள், இங்கே கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள். எனக்கு முதல் சீசனில் அப்படித்தான் வந்தது. ஜூலை முடிய லாபம். ஏதோ பிடிபட்டுவிட்டது என்று நினைத்துத் தொகையை இரண்டு மடங்காக்கினேன். ஆகஸ்டும் செப்டம்பரும் அதை முழுக்க வாங்கிக்கொண்டு போயின.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஒன்பது நாள் அடிக்காதவருக்கு இன்று கடன் பாக்கி எதுவும் கிடையாது. பிட்சர் அந்தக் கணக்கைப் பார்த்துப் பந்து போடுவதில்லை. நாள் எண்ணும் பத்தியை அடித்துவிடுங்கள். அதேபோல இந்தப் பிட்சரிடம் இந்த பேட்டர் 9-க்கு 3 என்பதையும். ஒன்பது வாய்ப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதில் பாதி நான்கு வருடத்துக்கு முந்தையது, அப்போது அந்தப் பிட்சரின் பந்துவீச்சே வேறாக இருந்திருக்கும். ஏழு நாள் ஆட்டமும் அதே ரகம்தான். ஆனால் அடிபட்டுத் திரும்பியவரா, மணிக்கட்டில் வலியோடு ஆடுகிறாரா என்பதை மட்டும் கவனியுங்கள்.

வைத்துக்கொள்ள வேண்டியவை இவை. பேஸ்பால் சாவன்ட் தளத்தில் ஒவ்வொரு அடியின் வேகமும் கோணமும் 2015-லிருந்து இருக்கிறது, இலவசம். பேரல் என்று ஒரு பத்தி வரும். மட்டையிலிருந்து குறைந்தது மணிக்கு 98 மைல் வேகத்தில் கிளம்ப வேண்டும், அந்த வேகத்தில் கோணம் 26-லிருந்து 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வேகம் கூடக் கூடக் கோணத்துக்குச் சலுகை கூடும். ஹோம் ரன் எண்ணிக்கையைவிட இந்தப் பேரல் எண்ணிக்கைதான் ஆளின் உண்மையான பலத்தைக் காட்டும். மூன்று வாரமாக ஹோம் ரன் இல்லை, ஆனால் பேரல் விழுந்துகொண்டே இருக்கிறது என்றால் அவர் நன்றாகவே அடிக்கிறார், பந்து சுவருக்கு முன்னால் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். பாக்கி இருக்கிறது என்று சொல்வதும் இதுவும் ஒன்று போலத் தோன்றும். ஒன்று வெறும் நம்பிக்கை, மற்றது அளந்து பார்த்தது.

பிட்சரிலும் அப்படியே. கடந்த ஐந்து ஆட்டத்தில் எத்தனை ஹோம் ரன் கொடுத்தார் என்று பார்ப்பதைவிட எத்தனை பந்தை வானத்தில் அடிக்க விடுகிறார் என்று பாருங்கள். உயரே போகும் பந்துகளில் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் வேலியைத் தாண்டும், அது மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். தரையோடு அடிக்க வைக்கும் பிட்சரிடம் எவ்வளவு பெரிய ஆளும் சிரமப்படுவார். வலக்கையா இடக்கையா என்பதும் முக்கியம். ஆனால் முதல் பிட்சர் ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாறு முடிந்ததும் போய்விடுவார், அதன் பிறகு புல்பென்னிலிருந்து (மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) ஒவ்வொருவராக வருவார்கள். இரண்டு மணி நேரம் நாம் ஆராய்ந்த பிட்சரை நம் பேட்டர் இரண்டு தடவையோ மூன்று தடவையோதான் சந்திப்பார்.

இப்போது எண்ணாக மாற்ற வேண்டும். கிரிக்கெட்டில் நின்று ஆடினால் நூறு பந்து கிடைக்கும். இங்கே நாலு, மிஞ்சினால் ஐந்து முறைதான் வாய்ப்பு. ஒரு பேட்டர் ஒரு வாய்ப்புக்கு 6 சதவீதம் ஹோம் ரன் அடிக்கிறார் என்று வைப்போம், அதுவே பெரிய ஆள்தான். நாலு முறை வந்தால் 22 சதவீதம். ஐந்து முறை வந்தால் 27. ஒரு முறை கூடுதலாகக் கிடைப்பதற்கு இவ்வளவு மதிப்பு. அதனால் லைன்அப் (பேட் பிடிக்கும் வரிசை) வராமல் பெயர் வட்டம் போடாதீர்கள். ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு வெளியிடுவார்கள். முதல் இரண்டு இடத்தில் இருப்பவரும் ஏழாவது இடத்தில் இருப்பவரும் ஒன்றல்ல. இன்னொரு சின்ன விஷயம், சொந்த மைதானத்தில் ஆடும் அணி முன்னிலையில் இருந்தால் ஒன்பதாவது இன்னிங்ஸில் பேட் பிடிக்காது. வெளியூர் பேட்டருக்கு அதில் ஒரு துளி லாபம்.

இந்த 22 சதவீத ஆளுக்கு நியாயமான விலை +355 அளவில் வரும். ஆப்பில் +280 போட்டிருப்பார்கள். அப்படி வாங்கினால் ஒவ்வொரு 5 டாலருக்கும் சராசரியாக 82 சென்ட் போகிறது. வழக்கமான பெட்டில் இரண்டு பக்கமும் விலை இருக்கும், கம்பெனி எடுக்கும் பங்கு எவ்வளவு என்று கூட்டிப் பார்த்துவிடலாம். ஹோம் ரன் பெட்டில் பெரும்பாலும் அடிப்பார் என்ற பக்கம் மட்டும்தான் விற்பார்கள். அடிக்க மாட்டார் என்ற பக்கத்துக்கு விலையே காட்டாததால் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாமலே போகிறது.

நான் செய்தது ஒன்றே ஒன்று. ஆப்பைத் திறப்பதற்கு முன்பு என் சதவீதத்தை மையில் எழுதிவிடுவேன். பென்சில் கிடையாது. விலையைப் பார்த்த பிறகு எழுதினால் கை தானாக அதன் பக்கம் சாயும், எத்தனையோ நாள் என் கையே சாய்ந்திருக்கிறது. எழுதிய பிறகு மூன்று ஆப்பில் விலை பார்ப்பேன். ஒரே ஆளுக்கு ஒன்றில் +300, இன்னொன்றில் +360 இருப்பது சாதாரணம். என் சதவீதத்துக்கு நியாயமான விலையைவிடக் கூடுதலாகக் கிடைத்தால் வைப்பேன், இல்லையென்றால் நோட்டை மூடிவிடுவேன். மூன்றாவது சீசனில் வாரத்துக்கு இரண்டு மூன்று பெட்தான் தேறியது. லாபம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது, ஏறக்குறைய சமம். ஆனால் ஆட்டத்தைப் பார்க்கிற கண் அந்த மூன்று வருடத்தில்தான் எனக்கு வந்தது.


வரிக்கணக்கு எழுதியது:

சுருக்கமாக ஒன்று. ஜெயித்த பணம் வருமானக் கணக்கில் வரும், தோற்றதைத் தனியாகத்தான் கழிக்க முடியும். அதுவும் கழிவுகளைப் பட்டியலிட்டுத் தாக்கல் செய்பவர்களுக்கு மட்டும். 2026-லிருந்து தோற்றதில் 90 சதவீதம்தான் கழிக்கலாம். ஆகவே வருட முடிவில் சரிக்குச் சரியாக நிற்பவரும் வரி கட்ட வேண்டி வரலாம். ஸ்கோர்கார்டு அண்ணன் சொன்ன நோட்டை வரிக்காகவும் பத்திரமாக வையுங்கள்.


சான்ஹோசேஅக்கா எழுதியது:

எங்கள் கலிஃபோர்னியாவில் விளையாட்டு பெட்டிங் சட்டப்படி இல்லை. ஆனால் என் தம்பி கிழக்குப் பக்கம் இருக்கிறான், 2018-இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகு அனுமதி கொடுத்த மாநிலம். அவனுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அவனும் தினம் ஒரு பேட்டர், 5 டாலர் என்றுதான் தொடங்கினான். அப்புறம் மூன்று பேரைச் சேர்த்து பார்லே, மூவரும் அடித்தால்தான் பணம். ஸ்கோர்கார்டு அண்ணா சொன்ன கணக்கையே போட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொருவருக்கும் 20 சதவீதம் என்றால் மூவரும் ஒரே நாளில் அடிப்பது 125-இல் ஒரு தடவை. ஆளுக்கு +300 விலை என்றால் ஒரு டாலருக்கு 64 கிடைக்கும். 125 தர வேண்டிய இடத்தில் 64. ஒற்றை பெட்டில் டாலருக்கு 20 சென்ட் போவது மூன்றைச் சேர்த்தால் 49 சென்ட் ஆகிவிடுகிறது. ஆப்பில் இதைத்தான் பெரிய எழுத்தில் முன்னால் வைக்கிறார்கள்.

பணத்தைவிட எனக்கு வலித்தது வேறு. அங்கே ராத்திரி பத்து மணி வாக்கில்தான் எங்கள் பக்கத்து ஆட்டங்கள் தொடங்கும். முன்னிரவில் தோற்றதை மீட்க அந்த ஆட்டத்தில் வைப்பான். போனில் பேசும்போது நடுவில் அமைதியாகிவிடுவான், மூன்று நொடி கழித்து "ம், சொல்லுக்கா" என்பான். அந்த மூன்று நொடியில் யாரோ பேட் பிடிக்க வந்திருப்பார். அம்மாவின் அறுவை சிகிச்சை பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாளிலும் அந்த மூன்று நொடி வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

இப்போது அவன் பெட் வைக்க முடியாதபடி தடுக்கும் விலகல் பட்டியலில் தானே பெயர் கொடுத்திருக்கிறான். உங்கள் நியூ ஜெர்சியிலும் அது உண்டு, ஒரு வருடம் அல்லது ஐந்து வருடம் என்று தேர்ந்தெடுக்கலாம். 1-800-426-2537-க்குப் போன் செய்தால் பேச ஆள் இருப்பார்கள். உங்களுக்கு அது தேவை என்று சொல்லவில்லை தம்பி. ஐந்தரையிலிருந்து ஏழு என்று எழுதியிருந்தீர்கள், உங்கள் பெண்ணின் நோட்டு என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த நேரத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்று ஒரு நாள் பாருங்கள்.


எடிசன்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்துத்தான் பதில் எழுதுகிறேன், செய்து பார்த்துவிட்டு வரலாம் என்று.

நாள் எண்ணும் பத்தியையும் பிட்சரிடம் எத்தனை அடித்தார் என்ற பத்தியையும் கோடு போட்டு அடித்துவிட்டேன். அந்த இடத்தில் பேரல், லைன்அப் இடம், மைதானம், காற்று, என் சதவீதம், விலை. எழுதி முடிக்க இப்போது அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அக்கா சொன்னதைப் படித்த அன்று பார்த்தேன். என் பெண் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அப்பா கணக்குப் போடுகிறார், கூப்பிடக் கூடாது என்று அவளாகவே நினைத்திருக்கிறாள். இப்போது அவளும் மேசைக்கு வந்துவிட்டாள். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து அம்புக்குறி போடுவது அவள் வேலை.

பத்து நாளில் என் எண்ணைத் தாண்டி விலை வந்தது இரண்டே தடவை. இரண்டிலும் வைத்தேன், இரண்டும் பலிக்கவில்லை.

நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். யாங்கீ ஸ்டேடியத்தில் ஒரு இடக்கை பேட்டர், நாலாவது இடத்தில் ஆடுகிறார். நான் மையில் 19 சதவீதம் என்று எழுதினேன். அதற்கு நியாயமான விலை +426. மூன்று ஆப்பிலும் பார்த்ததில் அதிகபட்சம் +340. நோட்டை மூடிவிட்டேன். ஏழாவது இன்னிங்ஸில் அவர் வலப்பக்கம் ஒன்று இழுத்து அடித்தார். மட்டையில் பட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, ரைட் ஃபீல்டர் இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றே விட்டார். பெண் என் முகத்தைப் பார்த்தாள். ஆபீஸ் நண்பர்கள் குழுவில் "நீ சொன்ன ஆள்!" என்று செய்தி மேல் செய்தி. ஒரு மணி நேரம் எனக்கு எதுவும் ஓடவில்லை. 22 டாலர் வந்திருக்கும்.

இதில் ஒரு சந்தேகம். வைக்காத நாட்களின் முடிவையும் நோட்டில் எழுத வேண்டுமா? வைத்ததை மட்டும் எழுதினால் போதாதா?


ஸ்கோர்கார்டு எழுதியது:

கட்டாயம் எழுதுங்கள். நேற்றைய வரியில் 19, +340, வைக்கவில்லை, அடித்தார் என்று அப்படியே இருக்கட்டும். இப்படி 19 என்று எழுதிய நாட்கள் நூறு சேர்ந்ததும் அதில் எத்தனை நாள் அடித்தார்கள் என்று எண்ணுங்கள். 20 பக்கம் வந்தால் உங்கள் எண் சரி, நேற்று மூடியதும் சரி. 27 வந்தால் நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள், எங்கே என்று தேடலாம். வைத்ததை மட்டும் எழுதினால் இது எந்தக் காலத்திலும் தெரியாது.

யாங்கீ ஸ்டேடியத்தில் இடக்கை பேட்டர் என்றீர்கள். நேற்று காற்று எந்தப் பக்கம் அடித்தது? உங்கள் பெண் போட்ட அம்புக்குறியைப் பார்த்துச் சொல்லுங்கள்.